கூட்டு மருந்தும் ஈஸ்ட்ரோஜனும் கொழுப்புத் திசுவில் சந்திக்கும்போது

சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமான நாமக்கல், அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் எச்.ஐ.வி. பரவல் மிகுந்த இந்திய மாவட்டங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரி லாரிகள், நாடெங்கும் போர் போடப் போகும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எல்லாம் இந்த வறண்ட மண்ணுக்குச் சோறு போட்டவை. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வீட்டைவிட்டு இருந்த ஆண்களோடு வைரஸ் ஊர் திரும்பியது. கர்ப்பிணிகளிடம் எடுத்த கண்காணிப்புச் சோதனைகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று தெரிந்தபோதுதான், நோய் நெடுஞ்சாலையோடு நிற்கவில்லை, வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்பது அரசுக்கும் உறைத்தது.

அப்போது இருபதுகளில் இருந்த பெண்கள் பலர் கணவரை இழந்தார்கள். ஆனால் அவர்கள் பிழைத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி போன்றவர்கள் 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களின் குரலாக நின்றார்கள். அந்தத் தலைமுறை இன்று நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயது. எச்.ஐ.வி.க்காக இருபது ஆண்டுகளாக விடாமல் எடுத்துவரும் கூட்டு மருந்து ஒரு பக்கம், உடலைவிட்டு இறங்கிப்போகும் ஈஸ்ட்ரோஜன் மறுபக்கம். இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. அந்த இடம் கொழுப்புத் திசு. அந்த மருந்தைத் தரும் நம் ஏ.ஆர்.டி. மையங்கள் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையையும் வைரஸ் அளவையும் அக்கறையாகக் கணக்கு வைக்கின்றன. அதே அக்கறை இந்தப் பெண்களின் இடுப்புச் சுற்றளவுக்கும், மாதவிடாய் நின்றதா என்ற கேள்விக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான சான்றுகளைத்தான் இங்கே தொகுத்துப் பார்க்கிறேன்.

கொழுப்பை நெடுங்காலம் குதிரில் கொட்டிவைத்த தானியம் போலத்தான் மருத்துவம் நினைத்திருந்தது. தொண்ணூறுகள் அந்த நினைப்பை மாற்றின. 1993இல் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டறிந்தது. உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. அடுத்த ஆண்டு அடிப்போனெக்டின் வந்தது. மற்ற கொழுப்பு ஹார்மோன்களுக்கு நேர்மாறான குணம் இதற்கு: கொழுப்பு கூடினால் இது குறையும். கல்லீரலையும் தசையையும் இன்சுலினுக்குப் பணிய வைப்பதும் இரத்தக்குழாயின் உள்சுவரை அழற்சியிலிருந்து காப்பதும் இதன் வேலை. அடிப்போனெக்டின் குறைந்து, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ஏறினால், சர்க்கரை நோயும் மாரடைப்பும் பல ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டன என்று பொருள்.

மருந்தின் கதை இங்கேதான் சேர்கிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது சிகிச்சை என்று எதுவும் இல்லை. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைத்து, ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது உலகையே திருப்பிப் போட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய ஒரு சில மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அந்த மாத்திரையின் உள்ளே ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் இருந்தன. உயிரைக் காத்தவை அவைதான், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஸ்டாவுடின் ஒரு விலையும் வாங்கியது.

கொழுப்பணுவின் உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனச் சொந்தமாக ஒரு டி.என்.ஏ. உண்டு. அதைப் படியெடுப்பது பாலிமரேஸ் காமா என்ற நொதி. ஸ்டாவுடினும், அதைவிடக் குறைவாக ஜிடோவுடினும், வைரஸின் நொதியோடு சேர்த்து இந்த நொதியையும் தடுத்துவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா குறையக் குறையக் கொழுப்பணு வாடிச் சாகிறது. செத்த அணுக்களை அகற்ற மேக்ரோஃபேஜ்கள் வந்து குவிகின்றன. டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-6உம் ஏறுகின்றன, அடிப்போனெக்டின் இறங்குகிறது. கை கால்களிலும் பிட்டத்திலும் கன்னத்திலும் தோலடிக் கொழுப்பு கரைகிறது. அங்கே தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலுக்கும் குடலைச் சுற்றிய இடத்துக்கும் போய்ச் சேர்கிறது. சிட்னியில் ஆண்ட்ரூ காரும் சகாக்களும் 1998இல் இந்த உருமாற்றத்தை விரிவாக எழுதியபோது புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள்மீது பழி விழுந்தது. அந்த மருந்துகளுக்கும் பங்கு உண்டு. குளுக்கோஸை அணுவுக்குள் விடும் வாயிலை அடைக்கின்றன, முதிராத லாமின் புரதத்தைக் கொழுப்பணுவில் தேக்குகின்றன. ஆனால் இந்தியாவில் அவை இரண்டாம் வரிசை மருந்துகள். இங்கே கன்னத்தை ஒட்டவைத்தது பெரும்பாலும் ஸ்டாவுடின்தான். மேற்கு இந்திய நோயாளிகளிடம் சஞ்சய் புஜாரி குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வரிசைக் கூட்டு மருந்து எடுத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இந்த மாற்றம் இருந்தது.

கொங்கு ஊர்களில் அந்தக் கன்னம் ஒரு மருத்துவக் குறியோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், நூல் மில் வாசலில் “ஏனுங்க, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?” என்ற ஒற்றைக் கேள்வி ஒரு பெண்ணை மாதக்கணக்கில் வீட்டுக்குள் முடக்கப் போதும். நோயை மறைத்து வாழ்ந்தவர்களை, உயிர் காத்த மருந்தே ஊருக்குக் காட்டிக் கொடுத்தது. புடவைத் தலைப்பு மறைக்காத முழங்கையில் நரம்பு புடைத்து நிற்கும், முகத்தை எதுவும் மறைக்காது. உலக சுகாதார நிறுவனம் முதலில் ஸ்டாவுடினின் அளவை 40 மில்லிகிராமிலிருந்து 30க்குக் குறைக்கச் சொன்னது, 2009இல் படிப்படியாகக் கைவிடவே சொன்னது. 2010களின் முதல் பாதியில் இந்தியாவும் விட்டுவிட்டது. மருந்தை மாற்றியபின் கை கால் கொழுப்பு மீளும் என்பதை ஆய்வுகள் காட்டின, ஆனால் மிக மெதுவாக, அதுவும் முழுதாக அல்ல. ரோசிகிளிட்டசோன் போன்ற சர்க்கரை நோய் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்ததும் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆக, இன்றைய ஐம்பது வயதுப் பெண்கள் பலர் தோலடிக் கொழுப்பில் நிரந்தரமாக ஒரு பங்கை இழந்த உடலோடுதான் மாதவிடாய் நிற்கும் காலத்துக்குள் நுழைகிறார்கள். இதை மருத்துவர்கள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

ஏனென்றால், ஈஸ்ட்ரோஜன் காப்பாற்றி வைத்திருந்ததும் அதே தோலடிக் கொழுப்பைத்தான். பெண்ணுடலில் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்வதற்கு அதுவே முக்கியக் காரணம். அங்கே சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது, எளிதில் இரத்தத்தில் கலந்து ஈரலை நிரப்பாது. லெப்டினும் அடிப்போனெக்டினும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இதில் எல்லாப் பெருமையும் ஈஸ்ட்ரோஜனுக்குச் சேராது. டெஸ்டோஸ்டிரோன் ஆண்களிடம் அடிப்போனெக்டினைக் குறைப்பதும் ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜனின் ஆல்ஃபா ஏற்பியை நீக்கிய எலிகளில் கொழுப்பணுக்கள் பெருத்தும் பெருகியும் போனதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது, அதுவும் ஆண், பெண் இரு பாலிலும். அணுவுக்குள் என்.எஃப். கப்பா பி என்ற அழற்சிச் சுவிட்சை ஈஸ்ட்ரோஜன் அடக்கிவைக்கிறது. மாதவிடாய் நின்றபின் அந்தப் பிடி தளர்கிறது. கொழுப்பு வயிற்றுக்கு இடம்பெயர்கிறது, இன்டர்லூக்கின்-6உம் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் ஏறுகின்றன. சினைப்பை ஓய்ந்தபின் உடலுக்குக் கிடைக்கும் ஈஸ்ட்ரோஜனில் பெரும்பங்கு கொழுப்புத் திசுவிலேயே அரோமட்டேஸ் நொதியால் தயாராகிறது. எனவே அந்தத் திசுவை இழந்தவருக்கு இந்தச் சிறு வரவும் குறைகிறது.

ஆனால் ஈஸ்ட்ரோஜனை அழற்சிக்கு மருந்து என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. வாய் வழியே மாத்திரையாக எடுத்தால் அது முதலில் ஈரலுக்குப் போகிறது, சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியை ஏற்றிவிடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையாக எடுத்தால் அப்படி ஏறுவதில்லை. ஒரே ஹார்மோன், உடலுக்குள் நுழையும் பாதையைப் பொறுத்து இரு விதமாக நடக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் தரலாமா என்று யோசிக்கும் மருத்துவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

மருந்தும் ஈஸ்ட்ரோஜனும் அடுத்தடுத்து நின்று வேலை செய்வதோடு விடுவதில்லை, நேராகவே மோதிக்கொள்ளும் இடமும் உண்டு. அந்த இடத்தின் பெயர் எஃபவிரென்ஸ். டெனோஃபோவிர், லாமிவுடினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக, பல ஆண்டுகள் இந்தியாவின் முதல் வரிசைச் சிகிச்சையாக இருந்தது. இரவில் சாப்பிட்டால் தலை சுற்றும், கெட்ட கனவு வரும் என்பது எடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத முகம் வேறொன்று: அது ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடியது. 2010இல் வெளியான ஆய்வக முடிவு ஒன்றில், எஃபவிரென்ஸ் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியே மார்பகப் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தூண்டியது. அதை எடுத்த ஆண்கள் சிலருக்கு மார்பு பெருத்ததற்கு இது ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது. மறுபக்கம், பார்சிலோனா ஆய்வாளர்கள் மனிதக் கொழுப்பணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, எஃபவிரென்ஸ் அவை முதிர்வதைத் தடுத்தது, அடிப்போனெக்டினையும் லெப்டினையும் குறைத்தது, அழற்சிப் பொருள்களின் சுரப்பை ஏற்றியது. புரோட்டியேஸ் தடுப்பு மருந்தான லோபினாவிர்–ரிட்டோனாவிர் கூட்டு அந்த அளவுக்குப் போகவில்லை. நெவிரபின் நேர்மாறு, கொழுப்பணு முதிர்வதற்குத் துணையாகவே நின்றது. நெவிரபின் எடுத்தவர்களின் நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஏறுவதை மருத்துவமனையிலும் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, ஈஸ்ட்ரோஜன் போல ஏற்பியில் உட்காரும் ஒரு மருந்து, கொழுப்பணுவில் ஈஸ்ட்ரோஜன் செய்யும் நன்மையைச் செய்யவில்லை. எனக்கு இந்த முரண்தான் முழுக் கேள்வியின் மையமாகப் படுகிறது. ஏற்பியில் ஒட்டுவது ஒன்று, அதன் வழியே கிடைக்கும் பலன் வேறு. இளம்பெண்ணின் உடலில் இயல்பான ஈஸ்ட்ரோஜன் நிறைய இருக்கும்போது இந்தப் போலியின் பங்கு சிறிதாக இருக்கலாம். அந்த ஈஸ்ட்ரோஜன் வற்றியபின் பெரிதாகலாம். வளர்ப்புத் தட்டில் கிடைத்த முடிவை மனித உடலுக்கு அப்படியே தூக்கி வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன். தட்டில் வளரும் கொழுப்பணுவுக்கு நோய் எதிர்ப்பு அணுக்களோடு உறவு இல்லை, மாதச் சுழற்சி இல்லை, இருபது வருட மருந்து வரலாறும் இல்லை.

2020 முதல் இந்தியா டொலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு மாறியது. வைரஸை வேகமாக அடக்கும், எதிர்ப்புத்திறன் எளிதில் உருவாகாது, தலைசுற்றல் இல்லை. நல்ல மாற்றம். ஆனால் இப்போது புகார் திசை மாறிவிட்டது: எடை கூடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் 1,053 பேரிடம் நடந்த அட்வான்ஸ் ஆய்வு இதைத் தெளிவாக அளந்தது. 96 வாரங்களில், டொலுடெக்ராவிரோடு புது வகை டெனோஃபோவிர் அலஃபெனமைடு எடுத்தவர்களுக்குச் சராசரி 7.1 கிலோ, பழைய டெனோஃபோவிரோடு எடுத்தவர்களுக்கு 4.3 கிலோ, எஃபவிரென்ஸ் கூட்டில் 2.3 கிலோ கூடியது. நம் மையங்களில் தரப்படுவது இரண்டாவது வகை. எடை கூடியது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

ஏன் கூடுகிறது? நோய் அடங்கி உடல் தேறுவது ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரு நுட்பமான காரணம் உண்டு. எஃபவிரென்ஸை உடைக்கும் ஈரல் நொதி சிலருக்கு மரபிலேயே மெதுவாக வேலை செய்யும். அவர்கள் இரத்தத்தில் மருந்து அதிகமாகத் தங்கும். அட்வான்ஸ் ஆய்வின் மரபணுத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, எஃபவிரென்ஸை வேகமாக உடைப்பவர்களின் எடை, டொலுடெக்ராவிர் எடுத்தவர்களின் எடையை ஒட்டியே கூடியிருந்தது. கூடாமல் நின்றது மெதுவாக உடைப்பவர்களுக்கு. அப்படியென்றால் டொலுடெக்ராவிரின்மேல் சுமத்தப்படும் எடையில் ஒரு பகுதி, எஃபவிரென்ஸின் நச்சு விலகியதால் வந்தது. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகள் இந்த மரபு மாற்றம் தென்னிந்தியர்களிடம் அரிதல்ல என்று காட்டியிருப்பதால், இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. இன்னொரு பங்கு டொலுடெக்ராவிருடையதாகவே இருக்கலாம்: குரங்குகளின் கொழுப்புத் திசுவிலும் மனித முன்னோடிக் கொழுப்பணுக்களிலும் இவ்வகை மருந்துகள் கொழுப்புச் சேர்தலையும் நார்த்தன்மையையும் இன்சுலின் எதிர்ப்பையும் கூட்டியதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள்.

அட்வான்ஸ் ஆய்வில் கூடிய அந்த நான்கு கிலோ என்பது ஆப்பிரிக்காவில் ஒரு பொருள், நாமக்கல்லில் வேறு பொருள். ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பு விகிதம் கூடிய உடல் நம்முடையது. புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு 2023இல் இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது, தமிழ்நாடு தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. இயல்பிலேயே அடிப்போனெக்டின் குறைவான மக்கள், தோலடிக் கொழுப்பை ஸ்டாவுடினிடம் இழந்தவர்கள், ஈஸ்ட்ரோஜன் இறங்கும் வயது: இந்த நிலையில் கூடும் நான்கு கிலோவும் வயிற்றில்தான் போய்ச் சேரும் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது.

இதைப் படிப்பவர் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான விடை உண்டு. 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் 5,472 பேரில் ஒரு பாதியினர் இடைவெளி விட்டு மருந்து எடுத்தார்கள். அவர்களிடம் சாவும் இதய நோயும் கூடின. மருந்து நின்ற சில வாரங்களிலேயே இன்டர்லூக்கின்-6உம், இரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் ஏறின. அழற்சியைப் பொறுத்தவரை எந்த மருந்தையும்விடக் கொடியது வைரஸ்தான். அது கொழுப்புத் திசுவுக்குள்ளேயே நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒளிந்திருப்பதும், குடற்சுவரைப் பழுதாக்கி நுண்ணுயிர்ப் பொருள்களை இரத்தத்தில் கசியவிடுவதும் நிறுவப்பட்ட உண்மைகள். மருந்து ஒழுங்காக எடுத்தாலும் ஒரு மெல்லிய அழற்சி மிஞ்சுகிறது. இந்திய நோயாளிகளும் பங்கேற்ற ரிப்ரீவ் ஆய்வு, 7,769 பேரிடம் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரையைச் சோதித்து, பெரிய இதய நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்ததை 2023இல் அறிவித்தது. அதன் அமெரிக்கத் துணை ஆய்வில் ஒரு விந்தை இருந்தது. பெண்களிடம் அழற்சிக் குறிகள் ஆண்களைவிட அதிகம், ஆனால் இதயத் தமனியில் படிவு குறைவு. ஏதோ ஒன்று அவர்களைக் காக்கிறது. அது ஈஸ்ட்ரோஜனின் நெடுநாள் பயனாக இருந்தால், மாதவிடாய் நின்றபின் அந்தக் காப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே நம் பெண்களுக்கான கேள்வி.

ஈஸ்ட்ரோஜன் இறங்குபவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். அதைத் தேடி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். திருநங்கைகள் பலர், முறையான மருத்துவ வழி எட்டாத நிலையில், கருத்தடை மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்குகிறார்கள். அதில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் இரத்தம் உறையும் ஆபத்தை ஏற்றுகிறது. எச்.ஐ.வி. மருந்து ஹார்மோனைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தில் மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் உண்டு. அந்த அச்சம் முற்றிலும் பொய்யல்ல: எஃபவிரென்ஸ் ஈரல் நொதிகளைத் தூண்டி ஈஸ்ட்ராடையாலின் அளவைக் குறைப்பதைப் பாங்காக்கில் திருநங்கைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. டொலுடெக்ராவிர் அந்த நொதிகளைத் தூண்டுவதில்லை. இந்த ஒரு தகவலை மையத்திலேயே, மரியாதையோடு, அவர்களுக்குச் சொல்லிவிட்டால் பல உயிர்கள் பிழைக்கும்.

நடைமுறைக்கு வந்தால், செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவைக்குப் புதுக் கருவி தேவையில்லை. இந்தியப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவு வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டேப் போதும். டொலுடெக்ராவிர் எடுப்பவருக்குச் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் இரத்தத்தில் அதிகமாகத் தங்கும் என்பதால் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு ஒரு டாக்டரும் எச்.ஐ.வி.க்கு ஒரு மையமுமாக, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் மருந்து வாங்கும் நம் ஊர் வழக்கத்தில் இது உண்மையான ஆபத்து. இரண்டாம் வரிசையில் ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது.

இந்தக் கேள்விக்கு இன்று கையிலிருக்கும் சான்றில் பெரும்பகுதி ஜோகன்னஸ்பர்க், பார்சிலோனா, பாரிஸ், அமெரிக்க நகரங்களிலிருந்து வந்தது. ஸ்டாவுடின், ஜிடோவுடின், எஃபவிரென்ஸ், டொலுடெக்ராவிர் என நான்கு காலங்களையும் ஒரே உடலில் கடந்த பெண்கள் நாமக்கல்லிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் கோவையிலும் இருக்கிறார்கள். அவர்களின் எடையும் மருந்து மாறிய தேதிகளும் மையங்களின் பதிவேடுகளில் இருக்கின்றன. அந்த வரலாற்றோடு, கடைசி மாதவிடாய் எப்போது என்ற ஒரு கேள்வியும், இடுப்பளவும், அடிப்போனெக்டினும் இன்டர்லூக்கின்-6உம் பார்க்க ஒரு குழாய் இரத்தமும் சேர்ந்தால், ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது எந்த மருந்தின் கீழ் கொழுப்புத் திசு எப்படி நடக்கிறது என்பதை ஆண்டுக்காண்டு பின்தொடரலாம். கோவையின் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இதற்கான திறமை இருக்கிறது. அந்தப் பெண்களின் அமைப்புகளையும் தொடக்கத்திலேயே கலந்து, அவர்கள் சம்மதத்தோடு, அடுத்த ஐந்தாண்டுக்குள் இதைத் தொடங்க வேண்டும். பலருக்கு மாதவிடாய் நிற்கும் காலம் இதோ நடந்துகொண்டிருக்கிறது, மாற்றத்துக்கு முந்தைய அளவை எடுக்க இன்னும் சில ஆண்டுகளே மிச்சம்.